பாடம் பண்ணிய புலியும் பழைய காமிராவும்

(பரிசளிப்பு விழாவில் தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



"நல்ல பொழுதுபோக்குகள்" என்று தலைப்புக் கொடுத்து, "கால் மணி நேரம் பேசுங்க டீச்சர்" என்று உங்கள் தலைமையாசிரியர் அன்போடு கேட்டார். தபால்தலை சேர்த்தல், தோட்டம் போடுதல், நூல் வாசித்தல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அதை ஒவ்வோர் ஆண்டும் கேட்டிருப்பீர்கள். எனக்கு உள்ள பொழுதுபோக்கு ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

கேட்டால் சில பேர் முகம் சுளிப்பார்கள். செத்துப்போன விலங்குகளைப் படம் எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. சிரிக்காதீங்க! அருங்காட்சியகங்களில் பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அந்தப் புலியையும் குரங்கையும் பறவையையும் சொல்கிறேன். அவற்றைக் கைப்பேசியில் எடுப்பதில்லை. பிலிம் சுருள் போட்ட பழைய காமிராவில் எடுக்கிறேன். அந்தக் காமிரா என் தாய்மாமாவுடையது. தோட்டத்துத் திருமணங்களையும் காதணி விழாக்களையும் எடுத்த காமிரா. மாமா ஓய்ந்த பிறகு அலமாரியில் சேலைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் கிடந்தது. மறந்துபோன பெட்டியால் மறந்துபோன விலங்கைப் படம் எடுப்பது பொருத்தம்தானே?

முதலில் "பாடம் பண்ணுதல்" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். புகையிலையைப் பாடம் பண்ணுவார்கள். தோலைப் பாடம் பண்ணுவார்கள். திருக்குறளை மனப்பாடம் பண்ணச் சொல்லி நாங்கள் உங்கள் உயிரை வாங்குகிறோம். கெட்டுப் போகாமல் வைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் நோக்கம். ஆனால் மனப்பாடம் பண்ணியதும் சோதனை முடிந்த மறுநாள் மறந்துபோகிறது அல்லவா? புலிக்கும் அந்தக் கதிதான்.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் கேள்வி மேல் கேள்வி வரும். "வயித்துக்குள்ள குடல் இருக்கா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். "இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே இருக்கே, கால் வலிக்காதா?" என்று இரண்டாம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டாள். குடலும் கிடையாது, தசையும் கிடையாது. அந்தப் புலியில் புலியினுடையது என்று எஞ்சியிருப்பது தோல், நகம், சில வேளைகளில் மண்டையோடும் பல்லும். அவ்வளவுதான். தோலை உரித்து, உப்பிட்டு, உட்புறக் கொழுப்பைச் சுரண்டிப் பதப்படுத்துவார்கள். மரம், கம்பி, வைக்கோல், காகிதக் கூழ் இவற்றால் ஓர் உடம்பைச் செய்து, சட்டை மாட்டுவது போல் தோலை அதன்மேல் போர்த்தி, வயிற்றோரமாகத் தைத்துவிடுவார்கள். கண் கண்ணாடிக் கண். நாக்கும் ஈறும் சாயம் பூசியவை. ஆக, நாம் பார்ப்பது பாதி விலங்கு, பாதி மனிதனின் கைவேலை.

இந்தக் கைவேலையில் பேர் போன இடம் தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மைசூரில் வான் இங்கன் என்ற குடும்பத்தார் 1900ஆம் ஆண்டையொட்டி ஒரு பட்டறை தொடங்கினார்கள். மகாராஜாக்களும் வெள்ளைக்கார துரைமார்களும் சுட்ட புலி, சிறுத்தையெல்லாம் அங்கேதான் போகும். தொழில் உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு நானூறுக்கும் மேற்பட்ட புலிகள் அந்தப் பட்டறை வாசலுக்கு வந்தனவாம். தோலுக்கேற்ற அச்சு, அச்சில் வார்த்த காகிதக் கூழ் உடம்பு என்று ஒரு தொழிற்சாலை போலவே நடத்தினார்கள். இந்தியாவில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை நின்றது, வேலையும் குறைந்தது. 1999இல் பட்டறையை மூடினார்கள். அந்தக் குடும்பத்தின் கடைசிக் கைவினைஞரான ஜூபெர்ட் வான் இங்கன் 2013இல் நூறு வயதில் காலமானார். அவர் குடும்பத்தின் பெயர் புத்தகத்தில் ஏறிவிட்டது. பட்டறையில் தோல் சுரண்டியவர்கள், தைத்தவர்கள், சாயம் பூசியவர்கள் பெயரை எத்தனை பேர் அறிவோம்? இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பழைய பாடம் பண்ணிய விலங்கைத் தொடவே கூடாது. பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உட்புறத்தில் ஆர்சனிக் கலந்த சவுக்காரத்தைத் தடவுவார்கள். பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த முறை அது. இருநூறு ஆண்டு அதையே உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். அந்த நஞ்சு ஆவியாகிப் போகாது. இன்றும் மயிருக்கடியில் இருக்கும். ஆர்சனிக் என்றால் பாஷாணம். இங்கே அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது புதிதல்ல. ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க அந்தக் காலத்தில் அடித்த மருந்தும் ஆர்சனிக் சேர்ந்ததே. மருந்தடித்த காட்டில் மேய்ந்து மாடு செத்த கதையைப் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பினாங்கிலிருந்து காரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், தைப்பிங் வந்துவிடும். அங்கே சிறைச்சாலைக்கு எதிரே இருக்கிறது பேராக் அருங்காட்சியகம். ஹியூ லோ என்பவர் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1883இல் தொடங்கப்பட்டது. நாட்டிலேயே மூத்த அருங்காட்சியகம் இதுதான். லியோனார்ட் ரே என்பவர் முதல் காப்பாளர். காட்டில் சுற்றிப் பறவை, விலங்கு, செடி என்று சேகரித்தவர். ஏரித் தோட்டத்தையும் மிருகக்காட்சி சாலையையும் பார்க்கப் போகிற பள்ளிப் பேருந்துகள் இந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. மிருகக்காட்சி சாலையில் உயிரோடு இருக்கும் புலி மத்தியான வெயிலுக்கு எங்கேயோ படுத்துத் தூங்கும். வாலின் நுனி தெரிந்தால் பாக்கியம். பாடம் பண்ணிய விலங்கோ நமக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது! (போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். பழைய கட்டடங்களில் அடிக்கடி பராமரிப்பு வேலை நடக்கும்.)

பழைய கண்ணாடிப் பெட்டிகளில் விலங்கைவிட நான் அதிக நேரம் பார்ப்பது அதன் காலடியில் உள்ள சீட்டைத்தான். விலங்கின் பெயர், பிடித்த இடம், ஆண்டு, கொடுத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சீட்டு உள்ளவரைக்கும் அது சாட்சி. இந்த இடத்தில், இந்த ஆண்டில், இப்படி ஓர் உயிர் இருந்தது என்பதற்குச் சாட்சி. சீட்டு கழன்று விழுந்துவிட்டால் அது வெறும் பொம்மை. உலகத்து அருங்காட்சியகங்களில் இப்படிப் பொம்மையாகிப் போனவை எத்தனையோ.

நம்ம பக்கத்து விலங்குகள் நம்ம பக்கத்திலேயே இருக்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. 1840களில் இதே பினாங்கில் தியோடர் காண்டர் என்ற டேனிஷ்காரர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பாம்பு, பல்லி, அணில், வௌவால் சேகரிப்புத்தான். மலாயாவின் பாலூட்டிகளுக்கு 1846இலும் ஊர்வனவற்றுக்கு 1847இலும் பட்டியல் வெளியிட்டார். பினாங்குக் குன்றில் ஊர்ந்த பாம்பு குப்பியில் அடைபட்டுக் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்த மலாய்க்காரரோ தமிழரோ சீனரோ யார்? பட்டியலில் தேடிப் பயனில்லை.

இதைவிட என் மனத்தை வருத்துவது காண்டாமிருகத்தின் கதை. ஒற்றைக் கொம்புள்ள ஜாவா காண்டாமிருகம் மலாயாவிலும் இருந்தது. கடைசியாக அறியப்பட்டது 1932இல் பேராக்கில் தெலுக் ஆன்சன் வட்டாரத்தில் சுடப்பட்டது. தெலுக் ஆன்சன் என்பது இப்போதைய தெலுக் இந்தான். சுட்டவர் ஆர்தர் வெர்னே, நியூயார்க்கில் பழம்பொருள் வியாபாரம் செய்த செல்வந்தர். அருங்காட்சியகத்துக்கு வேண்டும் என்றுதான் சுட்டார். அது லண்டன் போயிற்று. இந்த உலகத்தில் அந்த இனம் இப்போது ஜாவாவின் ஊஜோங் கூலோன் காட்டில் மட்டுமே உள்ளது. தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்தில் எத்தனை தமிழ்ப் பள்ளிகள்! தம் தாத்தா பால்மரம் வெட்டிய மண்ணுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு விலங்கு நடமாடியது என்று அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? அதன் உறவான சுமத்ரா காண்டாமிருகமும் மலேசியாவில் முடிந்தது. சபாவில் இருந்த இமான் என்ற பெண் காண்டாமிருகம் 2019 நவம்பர் 23ஆம் நாள் இறந்தது. அதுதான் நாட்டின் கடைசி. இது பழங்கதை அல்ல செல்வங்களே. உங்களில் மூத்தவர்கள் பிறந்த பிறகு நடந்தது.

நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்பதைச் சட்டைப் பையிலும் சான்றிதழிலும் பார்க்கிறீர்கள். 1950களில் தீபகற்பத்தில் மூவாயிரம் புலிகள் வரை இருந்திருக்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அண்மைக்கால ஆய்வின்படி காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிப் புலியை நான் சும்மா படம் எடுக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா?

காப்பாற்றி வைத்ததையும் மனிதர்கள் சில வேளை வழியில் விட்டுவிடுகிறார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூரில் குண்டு போட்டபோது சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி அழிந்தது. அந்த இடத்தில்தான் 1963இல் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது. போர் வந்தால் அப்படி. போர் இல்லாமலும் நடக்கும். 1892இல் மலாக்கா பக்கம் ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது. அதன் எலும்புக்கூடு சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் 1907 முதல் கூரையிலிருந்து தொங்கியது. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்த திமிங்கிலம்! 1970களின் தொடக்கத்தில் அந்த அருங்காட்சியகம் இனி வரலாற்றுக்கும் கலைக்கும் மட்டும் என்று முடிவாகி, விலங்குகளுக்கு இடமில்லாமற் போயிற்று. திமிங்கிலத்தை 1974இல் கோலாலம்பூருக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்தும் புறப்பட்டு அது இப்போது லாபுவானில் இருக்கிறது. பாடம் பண்ணிய பறவைகளும் விலங்குகளும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இடம் விட்டு இடம் மாறிப் பெட்டிகளில் பல ஆண்டு கிடந்தன. பொறுமையாகக் காத்த ஒரு சிலரால் பிழைத்து, 2015இல் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குடியேறின. அதே ஆண்டு ஜூரோங் தீவருகே ஒரு திமிங்கிலம் செத்து மிதந்து வந்து, போன திமிங்கிலத்தின் இடத்தை நிரப்பியது. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

அருங்காட்சியகத்திலாவது காவல்காரர் இருக்கிறார். தோட்டத்துப் பெரிய பங்களாவில்? துரைமார் காலத்தில் வரவேற்பறைச் சுவரில் மான் தலை, காட்டெருமைத் தலை, தரையில் புலித்தோல் என்று இருக்கும். தோட்டம் கைமாறி, பங்களா பூட்டப்பட்டு, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தபோது அவை எங்கே போயின? சில என் கண்ணில் பட்டது இந்த ஜார்ஜ் டவுனிலேதான், லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில். மலாயில் கூலிட் என்றால் தோல். என்ன பொருத்தம் பாருங்க! துருப்பிடித்த தையல் இயந்திரத்துக்கும் பழைய வானொலிப் பெட்டிக்கும் நடுவில் ஒரு மான் தலை. ஒரு காது இல்லை. தையல் பிரிந்து வைக்கோல் வெளியே எட்டிப் பார்க்கிறது. கண்ணாடிக் கண் மட்டும் அப்படியே பளபளவென்று போவோர் வருவோரைப் பார்க்கிறது. விற்பவரிடம் "எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன். "ஏதோ எஸ்டேட்" என்றார். எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. "வாங்கிக்கோ சிக்கு, விலை குறைச்சுத் தாரேன்" என்றார்.

நான் வாங்கவில்லை. நீங்களும் வாங்க வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கையோ அதன் உறுப்பையோ வைத்திருக்க உரிமம் வேண்டும். புலி போல முற்றாகப் பாதுகாக்கப்பட்டவை என்றால் சிறப்பு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். தாத்தா காலத்துப் புலிநகச் சங்கிலி வீட்டில் இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்க முடியாததைப் படம் எடுக்கலாம். மான் தலையை நாலு படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

எப்படி எடுப்பது என்று சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் படம் கைப்பேசியில் எடுத்து ஒன்றையும் திரும்பிப் பார்க்காத காலம் இது. பிலிம் சுருளில் முப்பத்தாறே படம். ஒரு சுருள் வாங்கிக் கழுவும் காசுக்குக் குடும்பத்தோடு நாசி கண்டார் சாப்பிட்டுவிடலாம். அதனாலேயே ஒரு பெட்டி முன்னால் அரை மணி நேரம் நின்று பார்த்த பிறகே கை விசையைத் தொடும். நான் பயன்படுத்துவது 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளைச் சுருள். அருங்காட்சியகத்தில் வெளிச்சம் குறைவு. பளிச்சென்று மின்னல் விளக்குப் போட்டால் கண்ணாடியில் அடித்துத் திரும்பி வந்து படத்தைக் கெடுக்கும். பல இடங்களில் அதற்கு அனுமதியும் இல்லை. ஆகவே காமிராவை முக்காலியில் நிறுத்தி, லென்சின் வாயில் ரப்பர் வளையம் மாட்டிக் கண்ணாடியோடு ஒட்டி வைக்க வேண்டும். நம் நிழலும் சன்னலும் கண்ணாடியில் விழாமலிருக்கத் தோழி ஒருத்தி பின்னால் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் நல்லது. காவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோலத்தைப் பார்த்து அவர் பயந்துவிடுவார்! பிலிமுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வினாடிக்கு மேல் போனால் அதற்குச் சோம்பல் வந்துவிடும். ஒளிமானி நாலு வினாடி காட்டினால் ஆறேழு வினாடியாவது திறந்து வைக்க வேண்டும். உயிருள்ள விலங்கு அதுவரை அசையாமல் இருக்குமா? நம்ம விலங்கு இருக்கும்.

ஜப்பானியர் ஹிரோஷி சுகிமோட்டோ உலகப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர். அவர் 1976இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணிய விலங்குகளைப் பெரிய காமிராவில் கறுப்பு வெள்ளையில் எடுக்கத் தொடங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பொய்யான காட்சி மெய்யாகத் தெரிகிறதே என்பதுதான் அவர் கண்டது. அவர் எடுத்த பனிக்கரடியைப் பார்த்தால் துருவத்துக்கே போய் எடுத்தாரோ என்று மயங்குவோம். மகா கலைஞர், வணங்குகிறேன். ஆனால் நான் அந்த வழியில் போகவில்லை. செத்ததை உயிருள்ளது போலக் காட்டும் வேலையைப் பாடம் பண்ணியவரே ஒரு தடவை செய்து முடித்துவிட்டார். நான் இரண்டு கண்ணையும் திறந்தே எடுக்கிறேன். தையல் தெரிய வேண்டும். வெயில் பட்டு வெளுத்த ரோமம் தெரிய வேண்டும். பெட்டியின் ஆணி தெரிய வேண்டும். யாரோ ஒருவர் ஊசி பிடித்துத் தைத்திருக்கிறார், அந்த ஊசி போன வழி தெரிய வேண்டும். பேர் தெரியாத அந்தக் கைக்கு மிஞ்சியிருக்கும் கையெழுத்து அது ஒன்றுதான். அத்தோடு ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு படம். ஒன்று விலங்கு, ஒன்று சீட்டு. சீட்டு நாளைக்குத் தொலைந்தாலும் என் நெகடிவில் இருக்கும். வண்ணச் சுருள் போட்டால் பழைய குழல்விளக்கில் எல்லாம் பாசிப்பச்சையாக வரும். அது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் காரணம்.

எங்கள் பள்ளி ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சென்ற ஆண்டு படங்களைக் கொடுத்து, "நீங்களே சீட்டு எழுதுங்கள்" என்றேன். பெயர், இடம், ஆண்டு, இப்போது காட்டில் எத்தனை இருக்கின்றன என்று விசாரித்து எழுதச் சொன்னேன். நூலகம் போனார்கள், கணினியில் தேடினார்கள், வீட்டில் கேட்டார்கள். ஒரு பையனின் கொள்ளுப்பாட்டி, தான் பால் எடுக்கப் போன வெளிக்காட்டில் புலிக்கால் தடம் பார்த்துத் தண்டலிடம் ஓடிப்போய்ச் சொன்ன கதையைச் சொல்லியிருக்கிறார். அவன் அதையும் சீட்டில் எழுதிவிட்டான். "இது சீட்டில் எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டான். எழுதலாம் என்றேன். துரை பெயரை எழுதும்போது பாட்டி பெயரை எழுதக்கூடாதா?

அந்தப் படங்களில் பன்னிரண்டைக் கொண்டுவந்து மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறோம். தேநீர் விருந்துக்குப் போகும் வழியில் பார்க்கலாம். பதினொன்றுக்குச் சீட்டு இருக்கிறது. பன்னிரண்டாவது, லோரோங் கூலிட் சந்தையில் எடுத்த அந்த ஒற்றைக் காது மான். அதன் கீழே வெற்றுச் சீட்டும் கயிற்றில் கட்டிய ஒரு பென்சிலும் தொங்குகின்றன. கொம்பு இருக்கும் பலகையின் கீழ் மூலையில் பித்தளைத் தகடு பெயர்ந்த இடம் படத்தில் நன்றாகத் தெரிகிறது. எந்தத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்படி ஒரு தலை தொங்கியது என்று நினைவுள்ள தாத்தா பாட்டிமார், பங்களாவில் வேலை பார்த்தவர்கள் யாராவது வந்திருந்தால், போகும்போது ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.